புகார் படம் ஒட்டினேன், ஒரு பாடம் திருத்தினேன்



பணி ஓய்வுக்குப் பிறகு என்ன செய்கிறீர்கள் சார் என்று பலர் கேட்கிறீர்கள். சென்ற மாதம் முழுதும் ஒரு படம் செய்தேன். பழைய காவிரிப்பூம்பட்டினம் எப்படி இருந்திருக்கும் என்று ஒரு பலகையில் ஒட்டிப் பார்த்தேன். பெயிண்ட் குறைவு, நம் ஊர்ப் பொருள்களே அதிகம். வயலுக்கு வைக்கோலும் உமியும், வீடுகளுக்குச் செங்கல் பொடி, கரைக்குக் கடல் மணலும் கிளிஞ்சலும், காவிரிக்கு நீலம் தோய்த்த பழைய வேட்டித் துணி.

இது புது வித்தை அல்ல. நம் தஞ்சாவூர் ஓவியமும் இப்படித்தானே? பலகை மேல் துணி ஒட்டி, சுண்ணாம்புப் பொடியைப் பசையில் குழைத்து மேடாக்கி, தங்கத் தகடும் கண்ணாடிக் கல்லும் பதிப்பார்கள். மராட்டிய மன்னர் காலத்தில் செழித்த கலை. அந்த முறையில் மாளிகைகளை மட்டும் மேடாக்கிக்கொண்டேன்.

முதல் முயற்சி வீண். வைக்கோலைச் சரியாகக் காயவைக்காமல் ஒட்டிவிட்டேன். மூன்றாம் நாள் பூஞ்சை பூத்துவிட்டது. எல்லாவற்றையும் சுரண்டி எடுத்து மறுபடி தொடங்கினேன்.

ஊரின் அமைப்புக்குச் சிலப்பதிகாரம் கைகொடுத்தது. கடலை ஒட்டி மருவூர்ப்பாக்கம். வணிகர், கைவினைஞர், யவனர் இருந்த பகுதி. மேற்கே அரசரும் பெருஞ்செல்வரும் வாழ்ந்த பட்டினப்பாக்கம். இரண்டுக்கும் நடுவே மரநிழலில் நாளங்காடி. வேப்பிலைச் சருகை நொறுக்கி அந்த மரங்களை ஒட்டினேன்.

அப்போது ஆறாவது படிக்கும் என் பேத்தி கேட்டாள்: "தாத்தா, கடல் எங்கேருந்து ஆரம்பிக்குது?"

கை நின்றுவிட்டது. ஏனென்றால், "ஒரே நாளில் கடல் பொங்கி ஊர் முழுவதையும் விழுங்கிவிட்டது" என்று உங்களுக்கெல்லாம் ஆண்டுதோறும் நடத்தியவன் நான். கடல்கொண்ட செய்தி மணிமேகலையில் இருக்கிறது. ஆனால் காப்பியம் சொல்வதையும் மண் காட்டுவதையும் நான் உங்களுக்குப் பிரித்துச் சொல்லவில்லை.

மண் காட்டுவது என்ன? 1960களில் இந்தியத் தொல்லியல் துறை இங்கே அகழாய்வு செய்தது. இன்றைய கடற்கரைக்கு மேற்கே கீழையூரில் செங்கல்லால் கட்டிய படகுத்துறையும், படகு கட்ட நட்ட மரத்தூண்களும் கிடைத்தன. கரிமக் கணிப்பில் அந்த மரம் கி.மு. 3ஆம் நூற்றாண்டை ஒட்டியது என்று தெரிந்தது. பல்லவனேஸ்வரத்தில் புத்த விகாரையின் அடித்தளத்தை இன்றும் பார்க்கலாம். ஆக, ஊர் முழுவதும் கடலுக்குள் போய்விடவில்லை.

அதே சமயம், அலை அடிக்கும் இடத்திலேயே சுடுமண் உறைகிணறுகள் வெளிப்பட்டிருக்கின்றன. குடிதண்ணீர்க் கிணற்றை யாரும் கடலுக்குள் தோண்டமாட்டார்கள். அங்கே ஒரு காலத்தில் தெருவும் வீடும் இருந்திருக்க வேண்டும். கோவா தேசிய கடலாய்வு நிறுவனத்தார் சுமார் 23 மீட்டர் ஆழத்தில் லாட வடிவில் ஓர் அமைப்பையும் கண்டார்கள். அது மனிதர் கட்டியதுதானா என்பதில் அறிஞர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை.

ஆகவே கடல் பகையாளியைப் போல ஒரே இரவில் வந்ததற்குச் சான்று இல்லை. கரையைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்ததற்குச் சான்று உண்டு. நான் நடத்திய பாடத்தை இப்படித் திருத்திக்கொள்ளுங்கள்.

ஆனாலும் அந்தப் பழங்கதையை என்னால் கேலி செய்ய முடியாது. 2004 டிசம்பர் 26 காலையை நாம் பார்த்தவர்கள். என் வருகைப் பதிவேட்டில் இருந்த இரண்டு பெயர்களை மறுவாரம் கூப்பிட முடியாமல் நின்றவன் நான். அப்படியொரு காலையைக் கண்டவர் யாரோதான் அந்தச் செய்தியைத் தலைமுறைகளுக்குச் சொல்லிவிட்டுப் போயிருப்பார் என்று தோன்றுகிறது.

கடைசியில் இரண்டு கரைகளைப் போட்டேன். இன்றைய கரை மணலால். அதற்குக் கிழக்கே, பழைய கரைக்குச் சணல் கயிறு. அதையும் இடம் தெரியாததால் விட்டுவிட்டுத்தான் ஒட்டினேன். இரண்டுக்கும் நடுவே செங்கல் பொடி தூவி, அதன் மேல் மெல்லிய நீலம் பூசினேன். உற்றுப் பார்த்தால் அடியில் செம்மை தெரியும். "தண்ணிக்குள்ள வீடு இருக்கு தாத்தா" என்றாள் பேத்தி.

1973இல் திறந்த சிலப்பதிகாரக் கலைக்கூடத்துக்கு உங்களை வரிசையாக அழைத்துப் போயிருக்கிறேன். இப்போது உங்கள் பிள்ளைகளைக் கீழையூருக்கும் பல்லவனேஸ்வரத்துக்கும் கூட்டிப் போங்கள். அப்படியே நம் வீட்டுக்கும் வாருங்கள். படம் கூடத்தில் மாட்டியிருக்கிறது. தவறு இருந்தால் சொல்லுங்கள், இன்னொரு முறையும் சுரண்டி ஒட்டலாம்.

நலமுடன் வாழ்க.
என்றும் உங்கள் ஆசிரியர்.