பார்க் ஸ்டேஷனில் பார்க் எங்கே?

எழும்பூரில் இறங்கி, பீச் பக்கம் போகும் மின்சார ரயிலில் ஏறினால் அடுத்த நிறுத்தம் 'பார்க்'. மேல்பட்டாம்பாக்கம், நெல்லிக்குப்பம், பண்ருட்டி என்று நம்ம பக்கத்திலிருந்து விழுப்புரம் வழியாகச் சென்னை போய் வருகிறவர்களுக்குப் பழகிய பெயர்தான். சென்ட்ரலில் ரயில் பிடிக்க வேண்டுமானால் அங்கேதான் இறங்கிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். அந்தப் பேட்டைக்கே பெயர் பார்க் டவுன். சரி, அந்தப் பார்க் எங்கேங்க? சுற்றிச் சுற்றிப் பார்த்தாலும் கட்டடமும் பஸ்ஸும்தானே தெரிகிறது?

பார்க் இருந்தது. அதுவும் 116 ஏக்கர். 1859ல் சென்னை மாகாண கவர்னராக வந்த சர் சார்லஸ் டிரெவெல்யன் போட்ட திட்டம் அது. 'பீப்பிள்ஸ் பார்க்', அதாவது மக்கள் பூங்கா என்றே பெயர் வைத்தார்கள். நெருக்கடியான பட்டணத்துத் தெருக்களில் வாழ்ந்த ஜனங்கள் காற்று வாங்க 11 குளங்கள், ஐந்தரை மைல் நீளத்துக்குப் பாதைகள், பேண்டு வாசிக்க மேடை என்று பெரிய ஏற்பாடு. டாக்டர் எட்வர்ட் பால்ஃபர் 1855ல் எழும்பூர் மியூசியத்தில் தொடங்கிய மிருகக்காட்சி சாலையும் பின்னால் இங்கே வந்து சேர்ந்தது. (டிரெவெல்யன் அதிக நாள் இருக்கவில்லை. இந்திய அரசு கொண்டுவந்த வருமான வரியைப் பகிரங்கமாக எதிர்த்து, 1860லேயே திருப்பி அழைக்கப்பட்டுவிட்டார். வருமான வரியை எதிர்த்து வேலையை விட்ட கவர்னர் என்றால் நம்மில் பலருக்கு அவர்மேல் தனிப் பிரியம் வரக்கூடும்!)

பிறகு நடந்ததுதான் கவனிக்க வேண்டிய சங்கதி. 1880களில் விக்டோரியா பப்ளிக் ஹால் கட்ட ஒரு பகுதி போயிற்று. பட்டணத்துக்கு ஒரு டவுன் ஹால் வேண்டாமா, வேண்டும்தான். 1900ல் மூர் மார்க்கெட் திறக்கப்பட்டது. வியாபாரிகளுக்கு நல்ல சந்தை வேண்டாமா, அதுவும் வேண்டும்தான். 1913ல் ரிப்பன் கட்டடம் எழுந்தது. நகரசபைக்கு ஒரு கௌரவமான அலுவலகம்! அப்புறம் விளையாட்டரங்கம். 1985ல் மூர் மார்க்கெட் தீயில் எரிந்து போனது. அந்த இடம் பூங்காவுக்குத் திரும்பி வரவில்லை, ரயில்வேக்குப் போயிற்று. அதே 1985ல் மிருகக்காட்சி சாலையும் வண்டலூரில் திறக்கப்பட்டது. மை லேடீஸ் பார்க் என்று ஒரு துண்டு மட்டும் பெயருக்கு மிஞ்சியது.

இதில் யாரும் கொள்ளைக்காரர்கள் அல்ல. பூங்காவை விழுங்கியது அத்தனையும் நல்ல காரியம். அதனால்தான் ஆபத்து என்கிறேன். கெட்ட காரியத்துக்கு இடம் கேட்டால் ஊரே திரண்டு எதிர்க்கும். ஆஸ்பத்திரிக்கு, பள்ளிக்கூடத்துக்கு, சமுதாயக் கூடத்துக்கு என்று கேட்டால் யார் மறுப்பார்கள்? "சும்மாதானே கிடக்குது" என்ற ஒரு வார்த்தை போதும், பூங்கா காலி. அதிலும் மக்கள் பூங்கா மேலிருந்து மக்களுக்குக் கொடுக்கப்பட்டது. ஜனங்கள் விசேஷத்துக்கு வந்தார்கள், புலியைப் பார்த்தார்கள், வீட்டுக்குப் போனார்கள். இது என் இடம் என்று தினசரி வந்து நின்று சொல்ல ஒரு கூட்டம் உருவாகவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. காவல் காக்க வேண்டிய நகரசபையே தன் கட்டடத்தை உள்ளே கட்டிக்கொண்ட பிறகு யாரிடம் போய் முறையிடுவது?

ஏறக்குறைய அதே ஆண்டுகளில் உலகத்தின் மறுகோடியில் இன்னொரு பூங்கா உருவானது. நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க், 843 ஏக்கர். ஓம்ஸ்டெட், வாக்ஸ் என்ற இருவரின் திட்டம் 1858ல் தேர்வானது. அதற்கு மட்டும் ஆசைப்பட ஆள் இல்லையா என்ன? 1956ல் உள்ளே இருந்த ஓர் உணவகத்துக்குக் கார் நிறுத்த இடம் வேண்டும் என்று, பூங்கா இலாகாவின் தலைவரும் சர்வ வல்லமை படைத்த அதிகாரியுமான ராபர்ட் மோசஸ், மரங்களைச் சாய்க்க புல்டோசரை அனுப்பினார். எதிரே வந்து நின்றவர்கள் யார் தெரியுமா? அந்த மூலையில் தினமும் குழந்தைகளை விளையாட விட்ட தாய்மார்கள், கைக்குழந்தை வண்டிகளோடு! படம் பத்திரிகைகளில் வந்தது, வழக்கும் தொடரப்பட்டது. கடைசியில் கார் நிறுத்துமிடம் இல்லை, குழந்தைகள் விளையாடும் இடம்தான் அங்கே அமைந்தது. 1970களில் நகராட்சியின் கஜானா காலியாகி அந்தப் பூங்கா பாழாய்க் கிடந்தபோதும் அக்கம்பக்கத்தாரே கூடினார்கள். 1980ல் சென்ட்ரல் பார்க் கன்சர்வன்ஸி என்ற அமைப்பு பிறந்தது. பணம் உள்ளவர் பணம் தந்தார், நேரம் உள்ளவர் களை பிடுங்கினார்.

அமெரிக்காவில் எல்லாம் நடக்கும், இங்கே நடக்குமா என்று முணுமுணுப்பவர்களுக்குப் பக்கத்திலேயே பெங்களூர் இருக்கிறது. அங்கே ராஜ்மகால் விலாஸ் எக்ஸ்டென்ஷனில் பூங்காவுக்கென்று திட்டத்தில் ஒதுக்கிய ஒரு மனையை, முதலமைச்சரின் உத்தரவை வைத்து, மருத்துவமனை கட்ட ஒரு டிரஸ்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். பார்த்தீர்களா, மறுபடியும் நல்ல காரியம்! அந்தக் குடியிருப்பு வாசிகள் நீதிமன்றம் போனார்கள். மனை உங்களுடையது அல்லவே, கேட்க உங்களுக்கு என்ன பாத்தியதை என்று எதிர்வாதம் வந்தது. 1991ல் சுப்ரீம் கோர்ட்டில் நீதிபதிகள் தொம்மன், சஹாய் இருவரும் குடியிருப்பு வாசிகள் பக்கமே தீர்ப்பளித்தார்கள். அங்கே வசிப்பவருக்குக் கேட்கும் உரிமை உண்டு, பூங்காவாக ஒதுக்கியதை இப்படி மாற்ற முடியாது என்றார்கள். ஒரு காலத்தில் பிரபுக்களுக்கு மட்டும் இருந்த பூங்கா இப்போது மக்கள் தமக்குத் தாமே அளித்துக்கொண்ட பரிசு என்ற கருத்தையும் தீர்ப்பில் காணலாம். பெங்களூர் மெடிகல் டிரஸ்ட் வழக்கு என்று சட்டம் படித்த நம் நண்பர்களைக் கேட்டால் உடனே சொல்வார்கள்.

தமிழ்நாட்டிலும் சட்டம் இல்லாமல் இல்லை. பூங்கா, விளையாட்டுத் திடல், திறந்தவெளிகளைப் பாதுகாக்க 1959லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் சட்டப் புத்தகம் தானாக எழுந்து வந்து புல்டோசருக்கு முன்னால் நிற்காது. கேட்பதற்கு ஆள் வேண்டும். தினமும் அந்த மண்ணில் கால் வைக்கிறவர்தான் அந்த ஆள். மண்வெட்டி பிடித்தவர் என்றால் இன்னும் உரக்கக் கேட்பார்.

சென்னை மயிலாப்பூரில் லஸ் சர்ச் ரோட்டில் உள்ள நாகேஸ்வர ராவ் பூங்கா இதற்கு நல்ல உதாரணம். அமிர்தாஞ்சன் தைலமும் ஆந்திர பத்திரிகாவும் தந்த காசிநாதுனி நாகேஸ்வர ராவின் பெயர் தாங்கியது. சில ஏக்கர்தான். பராமரிப்புச் செலவைப் பல ஆண்டுகள் ஒரு தனியார் நிதி நிறுவனம் ஏற்றது என்பது உண்மை. ஆனால் பூங்காவுக்கு உயிர் தந்தவர்கள் வாக்கிங் வருகிறவர்கள், செஸ் ஆடுகிற சிறுவர்கள், ஞாயிற்றுக்கிழமை மைக் இல்லாமல் கச்சேரி பாட வந்த குழந்தைகள், அதைக் கேட்க உட்கார்ந்த தாத்தா பாட்டிகள். இங்கே ஒரு செங்கல் அநியாயமாக வைத்தாலும் மறுநாள் காலை ஆறு மணிக்குள் பேட்டைக்கே தெரிந்துவிடும்!

வங்கி அதிகாரியாக இருந்த எம்.பி. நிர்மல் 1989ல் சென்னையில் தொடங்கிய எக்ஸ்னோராவின் சூட்சுமமும் இதுதான். ஊரையே திருத்தப் போகிறேன் என்று கிளம்பாமல், ஒரு தெருவை எடுத்துக்கொண்டார்கள். வீட்டுக்கு வீடு மாதம் ஒரு சிறு தொகை, குப்பை எடுக்க ஒரு மூன்று சக்கர வண்டி, அவ்வளவுதான் ஆரம்பம்.

இனி நம்ம ஊர்ப் பக்கம் வருவோம். நெய்வேலி நகரியம் திட்டம் போட்டுக் கட்டியது, அங்கே சாலையோர மரத்துக்கும் பூங்காவுக்கும் பின்னால் ஒரு பெரிய நிறுவனம் இருக்கிறது. சுற்றியுள்ள பேரூராட்சிகளுக்கும் கிராமங்களுக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. 2011 டிசம்பர் 30ந் தேதி 'தானே' புயல் அடித்தபோது பண்ருட்டியின் பலாவும் முந்திரியும் சாய்ந்ததை நாம் கண்ணால் பார்த்தவர்கள். நட்டது போதாது, நட்டதைக் காப்பதுதான் பாடு என்று அப்போதே புரிந்திருக்கும். ஆனாலும் மரம் நடு விழாக்கள் என்னமோ மாறவில்லை. குழி அதே குழி, வருஷா வருஷம் கன்று மட்டும் புதுசு! ஜூலையில் போட்டோ, மே மாதத்தில் சுள்ளி. ஒரு கன்று வேர் பிடிக்க இரண்டு கோடையாவது தண்ணீர் வேண்டும். உதிர்ந்த இலையைக் கொளுத்தாமல் அடிமரத்தைச் சுற்றிப் பரப்பினால் அந்தத் தண்ணீர் இன்னும் இரண்டு நாள் தாங்கும்.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். 1969ல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர்ந்த மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் வீதம் இரண்டாண்டில் 240 மணி நேரம் தொண்டு செய்ய வேண்டும். அதுபோக ஏழு நாள் முகாம். முகாமில் குழி வெட்டுவது சுலபம், பாட்டும் கூத்துமாக முடிந்துவிடும். அந்த 120 மணியை வாரத்துக்கு இரண்டரை மணியாகப் பிரித்து, ஒரே பூங்காவில், ஒரே பத்து மரத்துக்குச் செலவழிக்கச் சொல்லிப் பாருங்கள். இரண்டு கோடை, இரண்டு ஆண்டு. கணக்கு சரியாக வருகிறது அல்லவா?

முன்னாள் மாணவர்களுக்கு வேறு வேலை. நெடுஞ்சாலை ஓரமெல்லாம் ஏதாவதொரு 'நகர்' என்ற பெயரில் மனைகள் முளைக்கின்றன. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப் பிரிவு என்றால், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும் என்பது விதி. உங்கள் நகரில் அந்த 10 சதவீதம் எந்த மூலையில் இருக்கிறது? கருவேலம் மண்டிக் கிடக்கிறதா, யாரோ வைக்கோல் போர் போட்டிருக்கிறார்களா, பாதி வேலிக்குள் போய்விட்டதா? வரைபடமும் பத்திர நகலும் கேட்டு, 2005ம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி உள்ளாட்சி அலுவலகத்தில் மனுப் போடலாம். கட்டணம் 10 ரூபாய், மனுவில் கோர்ட் ஃபீ ஸ்டாம்பாக ஒட்டினால் போதும்.