கியூபாவில் மாடு திரும்பிய கதை

டீசல் விலை ஏறும்போதெல்லாம் எனக்குக் கியூபா ஞாபகம்தான் வரும். அங்கே கரும்புக் காடு முழுக்க டிராக்டர். எண்ணெயும் உரமும் சோவியத் நாட்டிலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்தது. 1991இல் சோவியத் உடைந்தது. ஓரிரு வருஷத்தில் எண்ணெய் வரத்து பாதியாகப் போச்சு. டிராக்டர்கள் நின்ற இடத்திலேயே நின்றன. ஜனங்கள் இளைத்துப் போனார்கள். 1992, 93இல் சுமார் 50,000 பேருக்குக் கண்ணிலோ நரம்பிலோ கோளாறு; சத்துக்குறைவு அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

அப்புறம்தான் காளையைத் தேடினார்கள். காளைக் கன்றை ஏருக்குப் பழக்குவது லேசில்லை. அந்த வேலை தெரிந்த பெரியவர்கள் கிராமங்களில் மிச்சமிருந்தார்கள், அவர்களிடம் இளவட்டங்கள் கற்றுக்கொண்டார்கள். ஹவானா நகரத்தில் காலி மனைகளில் தொழுவுரம் போட்டுக் காய்கறி போட்டார்கள். பஸ் ஓடாத ரோட்டில் சீனாவிலிருந்து வந்த சைக்கிள்கள் ஓடின.

நான் என் உழவு மாடுகளை விற்று இருபது வருஷமாகிறது. நுகத்தடி இன்னும் பரணில் கிடக்கு. டிராக்டர் வாடகை கொடுத்துத்தான் உழுகிறேன். எனக்கு ஏர் பூட்டத் தெரியும், என் மகனுக்குத் தெரியாது. பட்டணத்துப் பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கென்ன யோக்கியதை? வர்ற தை மாசம் சந்தையில் ஒரு ஜோடிக் கன்று பார்க்கலாம்னு இருக்கேன். எனக்குக் கையில் தெம்பிருக்கும்போதே அவனுக்குச் சொல்லிக் கொடுக்கணும்.