நால்சா தீர்ப்பின் மூன்றாம் கட்டளை: ஒரு மறுவாசிப்பு

திருநரைச் சமூக, கல்வி நிலையில் பிற்பட்ட வகுப்பினராகக் கருதி எல்லா வகை இட ஒதுக்கீட்டையும் அவர்களுக்கு விரிவுபடுத்துமாறு நால்சா (தேசிய சட்டப் பணிகள் ஆணையம்) வழக்கின் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் 15.4.2014 அன்று அரசுகளைப் பணித்தது. இதைப் பிற்பட்டோர் பட்டியலில் ஓர் இடம் என்று படிப்பதே நெடுநாள் வழக்கம். தமிழ்நாடு 2015-இல் திருநரை மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்ததும் அந்த வாசிப்புக்கு வலுச்சேர்த்தது. அது பிழையான வாசிப்பு.

மாற்றுத்தரப்புக்குச் சான்று இல்லாமல் இல்லை. நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தமது தீர்ப்புரையில் அரசமைப்பின் 15(4), 16(4) ஆகிய உட்பிரிவுகளை வெளிப்படையாகவே சுட்டுகிறார். சாதிப் பிரிவுகளுக்குத் தனித்தனியே இடம் ஒதுக்கும் செங்குத்து ஒதுக்கீடு ஊன்றி நிற்பது அவற்றின்மீதுதான். ஆனால், அந்தச் சுட்டு வரும் இடத்தைக் கவனிக்க வேண்டும். பால் அடிப்படையிலான பாகுபாட்டுக்கு 15, 16ஆம் பிரிவுகள் விதிக்கும் தடையில் பாலின அடையாளமும் அடங்கும் என்று நிறுவிய கையோடு அது வருகிறது. இழப்புக்குக் காரணம் பாலினம். ஒதுக்கீடு அதற்கான பரிகாரம். திருநர் எந்தச் சாதியிலும் பிறக்கிறார்கள். எல்லாப் பிரிவுகளையும் ஊடறுத்துச் செல்லும் ஒதுக்கீட்டைக் கிடைமட்டம் என்று வகுத்து, மாற்றுத்திறனாளிகளை அதற்கு எடுத்துக்காட்டாக 1992-இலேயே இந்திரா சாஹனி தீர்ப்பு காட்டியிருந்தது. ஆகவே, 16(4)-இன் பெயர் வந்துவிட்டதாலேயே வடிவமும் முடிவாகிவிட்டது என்பது அவசர முடிவு.

பட்டியல் வாசிப்பின் விளைவைத் தமிழ்நாட்டு அரசுப் பணித் தேர்வு விதிகளில் காணலாம். சாதிச் சான்றிதழ் இல்லாத திருநர் மிகவும் பிற்படுத்தப்பட்டோராகக் கருதப்படலாம். பட்டியல் சாதி, பழங்குடிச் சான்றிதழ் உடையவர் தம் பிரிவிலேயே போட்டியிட வேண்டும். அப்படியானால், ஒரு தலித் திருநங்கைக்குத் திருநங்கை என்பதற்காக அந்தப் பட்டியல் தருவது என்ன? ஒன்றுமில்லை. திருநர் உரிமைச் செயற்பாட்டாளர் கிரேஸ் பானு போன்றோர் கிடைமட்ட ஒதுக்கீடு கேட்டு விடாமல் போராடுவது இதனால்தான்.

நடைமுறைக்கு ஒவ்வாது என்ற மறுப்புக்குக் கர்நாடகம் விடை சொல்லிவிட்டது: 2021-இல் அங்கு அரசுப் பணிகளில் ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் 1% திருநருக்கு ஒதுக்கப்பட்டது. மொத்த ஒதுக்கீட்டுக்கான 50% வரம்பு மீறப்படும் என்ற அச்சத்துக்கும் இடமில்லை. கிடைமட்ட ஒதுக்கீடு மொத்தத்தைக் கூட்டுவதில்லை.

2023-இல் உச்ச நீதிமன்றம் நால்சா கட்டளைக்கு விளக்கம் தர மறுத்ததைப் பழைய வாசிப்புக்கான ஒப்புதலாகச் சிலர் காட்டுகின்றனர். முடிந்துபோன வழக்கில் விளக்கம் தர மறுப்பது அதன் பொருள்குறித்த தீர்ப்பாகாது. 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் கிடைமட்ட ஒதுக்கீட்டின் பக்கமே நின்றது.

ஒரு சிக்கல் மட்டும் உண்மையிலேயே எஞ்சுகிறது. வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட பலரால் சாதிச் சான்றிதழ் பெற முடிவதில்லை. ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் இடம் ஒதுக்கினால், எந்தப் பிரிவையும் காட்ட முடியாத இவர்கள் பொதுப்பிரிவுக்குத் தள்ளப்படுவார்கள். தேர்வு விதிகளில் காப்பாற்றத்தக்க பகுதி, இவர்கள் மிகவும் பிற்படுத்தப்பட்டோராகக் கருதப்படும் வாய்ப்புதான். கிடைமட்ட விதி எழுதப்படும்போது அதை அப்படியே உள்ளே கொண்டுவர வேண்டும்.