மரத்தின் மேல் நிற்பது

போடியில் பிறந்தவனுக்குத் தண்ணீர் என்றால் கொட்டகுடி ஆறுதான். போடிமெட்டு ஏறும் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏலத்தோட்டத்து ஆட்களோடு பஸ்ஸில் நின்றபடியே கடந்தவன் நான். பலகை மேல் நிற்பதா பெரிய விஷயம் என்ற நினைப்பில்தான், சென்னைக்குத் தெற்கே கோவளத்தில், ஸ்டாண்ட்-அப் பேடில் கற்றுக்கொள்ளப் போனேன்.

கணுக்காலில் கயிறு. முதலில் பலகை மேல் முட்டி போட வேண்டும், பிறகு ஒவ்வொரு காலாக எழ வேண்டும். நான் எழுந்தேன், விழுந்தேன். துடுப்பின் அலகு முன்பக்கம் சாய்ந்திருக்க வேண்டுமாம். நான் திருப்பிப் பிடித்திருந்தேன்.

"காலப் பாக்காதீங்கண்ணா. தூரத்துல கோடு தெரியுதுல்ல, அதப் பாருங்க" என்றார் சொல்லிக்கொடுத்த தம்பி. மீனவர் வீட்டுப் பிள்ளை. நாலாவது முறை விழுந்து எழுந்தபோது கோட்டைப் பார்த்தேன். பத்து எண்ணும்வரை நின்றேன்.

கரையில் உட்கார்ந்து, "இதெல்லாம் நம்ம கட்டுமரம்தானே தம்பி, வெள்ளைக்காரன் பேரு மாத்திட்டான்" என்றேன். அவர் சிரித்தார். "எங்கப்பா மரத்துல போனவரு. அது வெளையாட்டு இல்லண்ணா."

அந்தப் பதில் என்னைப் படிக்க வைத்தது.

இந்த விளையாட்டு ஹவாயில் பிறந்தது. 20ஆம் நூற்றாண்டின் நடுவில், வைகீகி கடற்கரையில் அலைச்சறுக்கு கற்றுக்கொடுத்தவர்களில் சிலர் பலகை மேல் நின்று தோணித் துடுப்பால் வலித்தார்கள். 2000க்குப் பிறகு லேர்ட் ஹாமில்டன் போன்றவர்கள் அதை உலகறியச் செய்தார்கள். கட்டுமரத்திலிருந்து அங்கே போனதாகச் சொல்ல ஆதாரம் எதுவும் இல்லை.

நம்மிடமிருந்து போனது சொல். 1697இல் வெளியான தன் பயண நூலில் வில்லியம் டாம்பியர் சோழமண்டலக் கரையின் கட்டுமரங்களைப் பற்றி எழுதினார். அவர் கண்டவற்றில் ஒற்றை ஆள் மட்டும் போகும் சிறு மரங்களும் உண்டு. அந்த ஆளின் கால்கள் எப்போதும் தண்ணீருக்குள்தான். பிறகு அதே சொல் இரட்டை உடல் கொண்ட பாய்மரப் படகைக் குறிக்கத் தொடங்கியது. இன்று 'கேட்டமரன்' என்றால் உலகம் நினைப்பது பணக்காரர்களின் அந்தப் படகைத்தான். கட்டிய மரம் எதுவும் அதில் இல்லை.

சொல் போனதைவிட, ஆட்கள் மறக்கப்பட்டதுதான் எனக்கு உறுத்தியது. 1639இல் ஆங்கிலேயர் கால் ஊன்றிய மதராஸில் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும். நடுவில் அலை உடையும் இடம். பயணிகளும் சரக்கும் கயிற்றால் தைத்த மசூலா படகில் கரை சேர்ந்தார்கள். படகும் போக முடியாத கொந்தளிப்பில் கட்டுமரக்காரர்கள் போனார்கள். ஓலையால் முடைந்த கூம்புத் தொப்பிக்குள் கடிதங்களை நனையாமல் வைத்துக்கொண்டு, விழுந்தால் நீந்தி மரத்தைப் பிடித்து மறுபடி ஏறினார்கள். மசூலா கவிழ்ந்தால் ஆட்களைத் தூக்கியதும் அவர்கள்தான். 1870களில் துறைமுகம் கட்டத் தொடங்கி, 1881 புயலில் அது சிதைந்தது. அந்தக் கொந்தளிப்பு நாட்களில் ஒரு பேரரசின் தபால் இவர்கள் தலையில் போனது.

அந்தக் கட்டுமரமும் இப்போது அரிதாகிவிட்டது. ஃபைபர் படகு முன்பே வந்திருந்தது. 2004 சுனாமிக்குப் பின் நிவாரணமாக ஏராளமாகக் கொடுக்கப்பட்டபோது மாற்றம் விரைந்தது.

அந்தத் தம்பி சொன்ன இன்னொன்றும் நினைவிருக்கிறது. "மரம் கேரளா மலைங்கள்லேருந்து வரும்னு அப்பா சொல்வாரு. கரைக்கு வந்ததும் கட்ட அவுத்துக் காய வைக்கணும். ஊறிட்டா கனத்துடும்." கனமற்ற மரம் தேடி மலைக்கு வந்திருக்கிறது கடல். ஹவாயிலும் அப்படித்தான். அங்கே அரசகுலத்தாரின் நீண்ட பலகைகளைச் செய்த வில்லிவில்லி, நம் கல்யாண முருங்கையின் பேரினத்தைச் சேர்ந்தது. ஏலமலையில் மிளகுக்கொடி ஏற்றிவிடும் அதே முள்முருங்கையின் உறவு.

யார் முதலில் என்ற சண்டை எனக்கு விட்டுப்போனது. உடையும் அலைக்கு முன்னால் இரண்டு கரை மக்களும் ஒரே மாதிரி யோசித்திருக்கிறார்கள்: லேசான மரத்தைத் தேடி, அதன்மேல் உடம்பைப் பழக்கியிருக்கிறார்கள். பலகை எங்கிருந்து வந்தாலும், கோவளத்தில் எனக்கு அலையைச் சொல்லிக்கொடுத்தது கட்டுமரக்காரர் மகன்.

ஊர் திரும்பியதும் மெட்டுக்கு மேலே ஒரு தோட்டத்தில், வெட்டிப்போட்டுக் காய்ந்திருந்த முள்முருங்கைக் கிளையை ஒரு கையால் தூக்கிப் பார்த்தேன். தக்கை மாதிரி இருந்தது.