நன்னீர் வில்லையும் அரியாலைத் தடுப்பணையும்

நன்னீர் வில்லை என்பது நிலத்தடியில் உள்ள கடல்நீரின் மேல் மிதந்து நிற்கும் மழைநீர்ப் படை. நடுவில் தடித்தும் கரையோரங்களில் மெலிந்தும் இருப்பதால் இப்பெயர் வந்தது. ஆண்டு முழுதும் ஓடும் ஆறு யாழ்ப்பாணக் குடாநாட்டில் இல்லை. ஒக்ரோபர் முதல் திசெம்பர் வரை பெய்யும் மழை சுண்ணாம்புக்கற் பிளவுகளில் இறங்கிச் சேர்வதே கிணற்று நீர்.

அது ஏன் மிதக்கிறது என்பதற்கான விடை கி.மு. 3ஆம் நூற்றாண்டில் சிராக்கூசில் வாழ்ந்த ஆர்க்கிமிடீசிடம் தொடங்குகிறது. திரவத்தில் அமிழும் பொருளின் மீது, அது இடம்பெயர்த்த திரவத்தின் நிறைக்குச் சமனான மேலுதைப்பு தாக்கும் என்றார் அவர். அந்த மேலுதைப்பு பிறப்பது அமுக்க வேறுபாட்டால். திரவத்தின் அமுக்கம் ஆழத்தைப் பொறுத்ததேயன்றிக் கலத்தின் வடிவத்தைப் பொறுத்ததல்ல என்பதை 1586இல் சைமன் ஸ்ரெவின் நிறுவினார். 17ஆம் நூற்றாண்டில் பஸ்கால் அதை விரிவாக்கினார். ஒவ்வொரு மீற்றர் ஆழத்துக்கும் நன்னீரின் அமுக்கம் சுமார் 9,800 பஸ்கால் கூடுகிறது. கடல்நீரில் சுமார் 10,045. வேறுபாடு சிறிதுதான். ஆனால் குடாநாட்டின் கிணற்று நன்னீர் அந்தச் சிறு வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது.

இதைக் கண்ணால் காணக்கூடிய இடம் புத்தூர் நிலாவரைக் கிணறு. மேலே நல்ல தண்ணீர், இறங்க இறங்கச் சவர், அதற்கும் கீழே உப்பு என்ற ஒழுங்கை எமர்சன் டெனன்ற் 1859இல் வெளிவந்த தமது இலங்கை பற்றிய நூலில் பதிந்துள்ளார். காரணத்தைக் கணக்காக்கும் வேலை வேறு கரைகளில் நடந்தது. அமெரிக்காவில் டு கொம்முன் 1828இலேயே அதை விளக்கியிருந்தும் அவரைப் பலரும் மறந்துவிட்டனர். ஒல்லாந்தப் படைப் பொறியியலாளர் பாடோன் கைபன் 1880களின் இறுதியிலும், வடகடல் தீவொன்றின் கிணறுகளை ஆராய்ந்த ஜேர்மனியர் ஹேர்ஸ்பேர்க் 1901இலும் தனித்தனியே அதே முடிவுக்கு வந்தனர்.

கணக்கு எளிது. நன்னீரின் அடர்த்தி ஒரு கன மீற்றருக்கு 1,000 கிலோகிராம், கடல்நீரினது 1,025. வில்லையின் அடியில் இரு நீர்களின் அமுக்கமும் சமன். ஆகவே நிலத்தடி நன்னீர் கடல் மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் நின்றால், கீழே 40 மீற்றர் வரை உப்பு விலகி நிற்கும். பாரமேற்றிய தோணியைப் போல, மேலே தெரிவது கொஞ்சம், நீருள் இருப்பது மிக அதிகம். இந்த 40 அசையா நீருக்கான எண். யாழ்ப்பாணச் சுண்ணாம்புக்கல்லில் குகைகளும் ஓட்டைகளும் உண்டு. நன்னீருக்கும் உப்புக்கும் இடையில் கூரான எல்லையும் இல்லை, சவர்ப் படை ஒன்று கிடக்கிறது. எண் பிசகினாலும் அது சொல்லும் திசை பிசகாது: மட்டம் ஒரு சாண் இறங்கினால் உப்பு பல மீற்றர் ஏறத் துடிக்கும். துலா மிதித்து இறைத்த காலத்தில் கிணறு ஊறி நிரம்ப நேரம் கிடைத்தது. இயந்திரத்தால் இறைக்கும்போது கிணற்றுக்கு நேர்கீழே உப்புநீர் கூம்பாக எழுகிறது.

மட்டத்தை உயர்த்த வழி தேடியவர்களுள் முதன்மையானவர் நீர்ப்பாசனப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம். 1954இல் அவர் முன்வைத்த ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ திட்டம், ஆனையிறவுக் களப்பில் சேரும் கனகராயன் ஆற்று நீரை முள்ளியான் வாய்க்கால் வழியே வடமராட்சிக் களப்புக்கும் அங்கிருந்து உப்பாற்றுக் களப்புக்கும் கொண்டுவர எண்ணியது. இந்தக் களப்புகள் வடக்கே கடலுக்குத் திறக்கும் வாயைத் தொண்டைமானாற்றிலும், தெற்கே யாழ்ப்பாணக் களப்புக்குத் திறக்கும் வாயை அரியாலையிலும் அடைக்க 1950களில் தடுப்பணைகள் எழுந்தன. நோக்கம் நீரைத் தேக்குவது மட்டுமல்ல. களப்பு நன்னீரானால் இரு கரைகளின் வில்லையும் தடிக்கும், உவர்நிலம் நெல்வயலாகும்.

அணைக்கதவில் அமுக்கம் ஆழத்தோடு கூடுவதால் தள்ளும் விசை ஆழத்தின் வர்க்கத்தோடு பெருகும். 2 மீற்றர் நீர், ஒவ்வொரு மீற்றர் அகலக் கதவையும் ஏறக்குறைய 19,600 நியூற்றன் விசையால் தள்ளும். கிட்டத்தட்ட 2 தொன் நிறை. இருபுறமும் மட்டம் ஒன்றாகத் தெரிந்தாலும் ஆபத்து தீர்ந்ததாகாது. அப்போது 2 மீற்றர் ஆழத்தில் கடற்பக்க அமுக்கம் சுமார் 490 பஸ்கால் கூடுதலாக இருக்கும், அடிப்பலகையில் இடுக்கு இருந்தால் உப்பு அதன் வழியே உள்ளே வரும். அதை ஈடுசெய்ய உட்பக்க நன்னீர் 5 சென்ரிமீற்றர் உயர்ந்து நிற்க வேண்டும். மாரியில் அது எளிது. கோடையில் களப்பு ஆவியாகி வற்றும்போது உள்மட்டம் கடலுக்கும் கீழே போய்விடும். பலகைகள் உக்கி நீர் கசிந்ததும், முள்ளியான் வாய்க்கால் முடிக்கப்படாமல் நின்றதும் திட்டத்தின் பலனைக் குறைத்தன. ஆனையிறவு நீர் வந்து சேராதவரை, கோடையில் அந்த 5 சென்ரிமீற்றரைத் தக்கவைக்க உப்பாற்றுக்கு அதன் சொந்த மழைநீர் போதாது.