பகலில் தூங்கிய கேஸும் கரண்டும்

வீட்டுக்கு ஓவன் வாங்கணும், கேஸா எலக்ட்ரிக்கா? இந்தக் கேள்விக்கு நூறு வயசுக்கு மேல ஆச்சு. பழைய கதையைத் தோண்டிப் பார்த்தா அதுல கேக், ரொட்டியை விட ஒரு வியாபாரத் தலைவலிதான் அதிகம் தென்படுது. ராத்திரி மட்டும் வேலை செய்யற இயந்திரத்தைப் பகல்ல என்ன செய்யறது? (சர்வர் வாங்கிப்போட்டவங்களுக்கு இந்த வலி புரியும்!)

கேஸ் குழாய்ல வந்தது சமைக்க இல்லீங்க, விளக்கு எரிக்க. 1812-ல் லண்டனில் ஆரம்பிச்ச கேஸ் லைட் அண்ட் கோக் கம்பெனி, மூடிய கலத்தில் நிலக்கரியைச் சூடாக்கி, வர்ற வாயுவைக் குழாய் போட்டு வித்தது. அதுலயே சமைக்கலாமேன்னு 1826-ல் காப்புரிமை வாங்கினவர் நார்த்தாம்ப்டன் கேஸ் கம்பெனியில் வேலை பார்த்த ஜேம்ஸ் ஷார்ப். 1836-ல் அடுப்புத் தொழிற்சாலையே போட்டார். லண்டன் ரிஃபார்ம் கிளப்பில் அலெக்சிஸ் சோயர் என்ற பிரெஞ்சு சமையல் மன்னர் 1840-களில் கேஸில் சமைத்து ஊரைக் கூட்டினார். ஆனாலும் சனங்க வீட்டுக்குள்ள விடத் தயங்கினாங்க. தயங்கினதில் நியாயம் உண்டு. நிலக்கரி வாயுவில் இருந்த கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும்.

1879-ல் எடிசன் பல்பு வந்ததும்தான் கேஸ் கம்பெனிகளுக்கு வயித்துல புளியைக் கரைச்சது. விளக்கு வியாபாரம் போனா என்ன மிச்சம்? சமையல்தான். அதுவும் பகல் வியாபாரம்! அடுப்பை வாடகைக்குக் கொடுத்தாங்க. 1890-களில் ஒரு பென்னி போட்டா அந்தக் காசுக்கு மட்டும் கேஸ் தர்ற மீட்டர் பரவிச்சு. இன்னிக்கு நாம போடற ப்ரீபெய்டு ரீசார்ஜுக்குக் கொள்ளுத்தாத்தா. தொழிலாளர் வீடுகளுக்கு கேஸ் அடுப்பு போய்ச் சேர்ந்ததில் இந்த மீட்டருக்குப் பெரிய பங்கு.

எதிர்க்கட்சி என்ன செஞ்சுது? 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் மின்சார சமையலறையைக் காட்டி அசத்தினாங்க. காட்சிக்கு சரி, வீட்டுக்குக் கட்டுப்படியாகல. கரண்ட் விலை அதிகம், சூடாகும் கம்பியும் சீக்கிரம் எரிஞ்சு போகும். 1906-ல் ஆல்பர்ட் மார்ஷ் என்ற அமெரிக்கர் நிக்கலும் குரோமியமும் கலந்த நிக்ரோம் கம்பிக்குக் காப்புரிமை வாங்கின பிறகுதான் அந்தச் சிக்கல் தீர்ந்தது. இன்னிக்கும் டோஸ்டருக்குள் சிவப்பா ஜொலிக்கிறது அதுதான். மின் கம்பெனிகளுக்கும் பழைய வியாதியே: சாயங்காலம் விளக்குக்கு ஓடற ஜெனரேட்டர் பகல்ல சும்மா. அவங்களும் சமையலறைக் கதவைத் தட்டினாங்க.

'எங்க ஓவன்ல சூடு சீரா இருக்கும்'னு கரண்ட்காரங்க பெருமை பேச, கேஸ்காரங்க 1923-ல் கொடுத்த பதிலடி எனக்கு ரொம்பப் பிடிச்சது. இங்கிலாந்தில் வந்த ரெகுலோ தெர்மோஸ்டாட். சூட்டில் நல்லா நீளும் பித்தளைக் குழாய், அதுக்குள்ள அவ்வளவா நீளாத ஓர் உலோகக் கம்பி. சூடு ஏற ஏற இந்த ரெண்டுக்கும் உள்ள வித்தியாசமே வால்வை மெல்ல மூடும். பேட்டரி கிடையாது, சர்க்யூட் கிடையாது. அதுவரை ஓவனுக்குள் கையை நீட்டி உத்தேசமா சூடு பார்த்தவங்க குமிழை 6-ல் திருப்பிட்டு வேற வேலை பார்த்தாங்க. இன்னிக்கும் பிரிட்டிஷ் சமையல் புத்தகத்தில் வர்ற 'கேஸ் மார்க் 6' அங்கிருந்து வந்ததுதான், சுமார் 200 டிகிரி செல்சியஸ்.

அமெரிக்காவில் 1956-ல் 'மின்சாரத்தோடு நல்லா வாழுங்க'ன்னு மின் துறை பெரிய பிரசாரமே நடத்திச்சு. ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனி, தன் டிவி நிகழ்ச்சியை நடத்தின ரொனால்ட் ரீகன் வீட்டை மின்சாதனங்களால் நிரப்பிச்சு. ஆமாங்க, பின்னால ஜனாதிபதியான அதே ரீகன்.

சரி, எது நல்லது? கேஸ் எரியும்போது நீராவியும் உண்டாகும், அதனால ஓவனுக்குள் ஈரப்பதம். எலக்ட்ரிக்கில் காய்ந்த, சீரான சூடு. பிஸ்கட்டும் கேக்கும் ஒரே நிறமா வரும். பேக்கிங்தான் முக்கியம்னா என் ஓட்டு எலக்ட்ரிக்குக்கு. தோசைக்கல் வைக்கிற மேலடுப்பு மட்டும் கேஸாவே இருக்கட்டும். மேலே கேஸ், கீழே எலக்ட்ரிக்னு ரெண்டும் சேர்த்தே விக்கிறாங்க.

ஆனா சண்டை ஓயல. 2019-ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரம் புதுக் கட்டடங்களில் கேஸ் குழாயே கூடாதுன்னு சட்டம் போட்டது, இந்த முறை காரணம் பருவநிலை. உணவகச் சங்கம் வழக்குப் போட, 2023-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சங்கத்தின் பக்கம் நின்னது. 2024-ல் நகரமே சட்டத்தை வாபஸ் வாங்கிடுச்சு.