சம்பளம் யார் கொடுத்தது?

இந்திய கிரிக்கெட் வாரியத்தின் அலுவலகம் மும்பையில் இருக்கிறது. சட்டப்படி அது சென்னைச் சங்கம். 1928 டிசம்பரில் உருவாகி, 1940இல் இங்கே பதிவாகி, இன்றும் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ்தான் வருகிறது. எங்கள் தெரு மனமகிழ் மன்றத்துக்கும் அதே சட்டம்தான். 2018 ஆகஸ்டில் வாரியத்தின் புதிய விதிகளுக்கு உச்ச நீதிமன்றம் ஒப்புதல் தந்தபோது, அவற்றைப் பதிவு செய்யும்படி உத்தரவு போனதும் தமிழ்நாட்டுச் சங்கப் பதிவாளருக்குத்தான்.

திருவல்லிக்கேணியில் ஒரு கீழ் டிவிஷன் லீக் அணிக்குப் பல வருஷம் கௌரவச் செயலாளராக இருந்தவன் நான். பிழைப்பு ஒரு வங்கியில். அணிப் பட்டியலை அடித்தது வங்கியின் டைப்ரைட்டரில்; அம்பயர் வரவில்லையென்றால் பதறிக் கூப்பிட்டது வங்கியின் போனில். சங்கம் எனக்குப் பைசா கொடுத்ததில்லை. கொடுத்தது வங்கி. வாரியத்தின் வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த டைப்ரைட்டர்தான் ஞாபகம் வரும்.

முதல் செயலாளர் அந்தோணி டி மெல்லோ. முதல் தலைவர் கிராண்ட் கோவன், டெல்லியில் தொழில் நடத்திய ஆங்கிலேயர். டி மெல்லோ வேலை பார்த்தது கோவனின் நிறுவனத்தில்தான். செயலாளர் பதவி கௌரவப் பதவி. வீட்டில் அடுப்பு எரிந்தது தலைவரின் கம்பெனிச் சம்பளத்தில். அப்புறம் வந்தவர்களைப் பாருங்கள். டாக்டர் சுப்பராயன் குமாரமங்கலம் ஜமீன்தார், சென்னை மாகாணத்தின் முதல் மந்திரியாக இருந்தவர். 1960 முதல் 1963 வரை தலைவராயிருந்த எம்.ஏ. சிதம்பரம் பெரிய தொழிலதிபர். சம்பளமில்லாத பதவிக்குச் சம்பளம் தேவைப்படாதவர்கள் வந்தார்கள். தவறென்று சொல்ல மாட்டேன். சேப்பாக்கம் மைதானம் இன்று சிதம்பரத்தின் பெயரைச் சுமப்பது வெறும் முகஸ்துதி அல்ல. ஆனால் காசு வாங்காமல் உழைக்கிற மனுஷரிடம் போய் யார் கணக்குக் கேட்பது? எங்கள் அணியில் என்னிடமும் யாரும் கேட்டதில்லை.

ஆட்டக்காரர்களுக்கும் இதே ஏற்பாடுதான். அஜித் வாடேகருக்கும் ஜி.ஆர். விஸ்வநாத்துக்கும் மாதச் சம்பளம் ஸ்டேட் வங்கியில். 1983இல் உலகக் கோப்பையோடு வந்தவர்களுக்குப் பரிசு கொடுக்க வாரியத்திடம் போதிய பணமில்லை. டெல்லியில் லதா மங்கேஷ்கர் கச்சேரி நடத்தி, அதில் வந்த பணத்தில் ஆளுக்கு ஒரு லட்சம் கொடுத்தார்கள். வாரியத் தலைவர் என்.கே.பி. சால்வே அப்போது மத்திய அமைச்சர்.

தொலைக்காட்சிதான் இந்த ஏற்பாட்டைக் கலைத்தது. 1993இல் ஹீரோ கோப்பை ஒளிபரப்பை யாருக்குக் கொடுப்பது என்று தூர்தர்ஷனோடு முட்டிக்கொண்டது உச்ச நீதிமன்றம் வரை போனது; 1995 பிப்ரவரியில், அலைவரிசை அரசின் தனிச்சொத்து அல்ல, பொதுச்சொத்து என்று தீர்ப்பு வந்தது. அதற்குப் பின் பணம் கொட்டியது. நிர்வாகம் மட்டும் பழைய மாதிரியே நடந்தது. ஜெயவந்த் லேலே செயலாளராக இருந்த காலத்தில் பரோடாவிலிருந்து வேலை நடந்தது. செயலாளர் எந்த ஊரோ அந்த ஊர் அலுவலகம். மெல்ல மெல்லத்தான் சம்பளக்காரர்கள் வந்தார்கள். நிர்வாக அதிகாரியாக உட்கார்ந்த ரத்னாகர் ஷெட்டி, மும்பை வில்சன் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்தவர். அவரும் கௌரவப் பதவிகளில் தொடங்கியவர்தான்.

2008இல் ஐபிஎல். பத்து ஆண்டு ஒளிபரப்பு உரிமை மட்டும் நூறு கோடி டாலரைத் தாண்டியது. அந்த வருஷமே, நிர்வாகிகள் வாரியத்தின் போட்டிகளில் வணிக ஆதாயம் வைத்துக்கொள்ளக் கூடாது என்ற விதியில் ஐபிஎல்லுக்கு விலக்கு எழுதிக்கொண்டார்கள். வாரியத்தில் பொறுப்பிலிருந்த என். சீனிவாசனின் சிமெண்ட் நிறுவனத்திடம்தான் சென்னை அணி இருந்தது. 2015 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்த விலக்கை ரத்து செய்தது. மஞ்சள் சட்டை போட்ட என் பேரனுக்கு அதை விளக்க முயன்று கைவிட்டேன்.

வாரியத்தைச் சீர்திருத்த உச்ச நீதிமன்றம் அமைத்த லோதா குழுவின் யோசனை எளிமையானது: கொள்கையைத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் பார்க்கட்டும், அன்றாட வேலையைச் சம்பளம் வாங்கும் தலைமைச் செயல் அதிகாரி பார்க்கட்டும். 2016 ஜூனில் டிஸ்கவரி தொலைக்காட்சியிலிருந்து ராகுல் ஜோரி அந்தப் பதவிக்கு வந்தார். 2017 ஜனவரியில் தலைவரையும் செயலாளரையும் நீதிமன்றம் நீக்கியது. நீதிமன்றமே அமைத்த வினோத் ராய் குழு நிர்வாகப் பொறுப்பேற்றது. ஏறக்குறைய மூன்று வருஷம் அதிகாரியின் கை ஓங்கியிருந்தது. 2019 அக்டோபரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் திரும்பினார்கள், 2020 ஜூலையில் ஜோரி வெளியேறினார்.

எங்கள் அணியும் ஒரு கட்டத்தில் சம்பளத்துக்கு ஆள் வைத்தது. ஒரு நன்கொடையாளர் தந்த பணத்தில் மைதான வேலைக்கு ஒருவர். அதுவரை காலை ஆறு மணிக்கே பையன்கள் வந்து மேட்டை விரித்து ஆணி அடிப்பார்கள். அவர் வந்த பிறகு, "அதான் ஆள் இருக்காரே சார்" என்று ஆட்டத்துக்குக் கால் மணி முன்னால்தான் வந்தார்கள். மேட் முன்னைவிடச் சுருக்கமில்லாமல் விரிக்கப்பட்டது, உண்மை. நன்கொடையாளரின் மருமகன் அணியில் இடம் கேட்டபோது மறுக்க வேண்டியவன் நான்தான். மாதம் பிறந்தால் சம்பளம் கொடுக்க வேண்டுமே என்ற கவலையும் எனக்குத்தான். பையன் சேர்ந்தான். ஆடினான் என்று சொல்ல முடியாது.

வாரியத்தில் நடந்ததும் இதற்கு வெகு தூரமில்லை. வேலை சம்பளக்காரர்களுக்குப் போனது, முடிவு போகவில்லை. கௌரவ நிர்வாகிகளுக்கு வெளிநாட்டுப் பயணப்படி 2023இல் நாளொன்றுக்கு 750 டாலரிலிருந்து 1000 டாலராக உயர்ந்தது. ஜோரிக்குப் பின் பொறுப்பேற்ற ஹேமாங் அமினின் பெயர் கிரிக்கெட் பார்ப்பவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஜெய் ஷாவின் பெயர் எல்லாருக்கும் தெரியும். 2019 முதல் 2024 வரை, இந்திய அணியை அறிவிக்கும் கடிதங்களின் கீழே இருந்தது அவர் பெயர்தான், கௌரவச் செயலாளர் என்ற பதவியோடு.